ஊட்டிக் குளிரில் தோல் வெடிக்கிறது. தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகுமா?

முத்துநகர் மகள் | ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வயது 27. போன அக்டோபரில் மாற்றலாகி ஊட்டிக்கு வந்தேன். வங்கியில் காசாளர் வேலை. பிங்கர்போஸ்ட் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன்.

ஊரில் இருந்தவரை எனக்கு எண்ணெய் வழிகிற முகம். மத்தியானம் ஆவதற்குள் கைக்குட்டை ஈரமாகிவிடும், நெற்றியில் நாலு பரு இருக்கும், அவ்வளவுதான். தோல் வறண்டு போவது என்றால் என்னவென்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நவம்பர் மழை வரைக்கும் ஒன்றுமில்லை. டிசம்பர் நடுவில் உறைபனி விழ ஆரம்பித்ததும் ஒரே வாரத்தில் முகம் மாறிவிட்டது. மூக்கோரமும் கன்னமும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து உரிகிறது. கீழ் உதடு நட்டநடுவில் பிளந்திருக்கிறது, ரசம் பட்டால் உயிர் போகிறது. விரல் கணுக்களில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு. புது நோட்டுக் கட்டை எண்ணும்போது நோட்டின் ஓரம் சரியாக அந்த வெடிப்பில் போய் அறுக்கும். போன வாரம் ஒரு 500 ரூபாய் நோட்டில் என் ரத்தப் பொட்டு பட்டுவிட்டது. அந்த ஒரு நோட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நீ தண்ணியே குடிக்கறது இல்ல, அதான்." ஒரு வீடியோவில் தினமும் 4 லிட்டர் குடித்தால் 30 நாளில் முகம் பளபளக்கும் என்றார்கள். டிசம்பர் 20-ஆம் தேதியிலிருந்து அப்படியே செய்கிறேன். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர். குடத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், பல் கூசும், குடித்து முடித்ததும் குமட்டும். ஆபீஸில் குடிக்க முடியாது. கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, சாவி ஒருவரிடம்தான் இருக்கும். வரிசையில் ஆள் நிற்கும்போது கவுன்டரை விட்டு எழுந்து போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் மீதி இரண்டரை லிட்டரையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் குடிக்கிறேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து படியிறங்கி வெளியே போக வேண்டியிருக்கிறது. அந்தக் குளிரில் போய்விட்டு வந்தால் அப்புறம் தூக்கம் வருவதில்லை.

மூன்று வாரமாயிற்று. முகம் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டுமா? வீட்டுக்காரம்மா ஊட்டித் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். அதுவா காரணம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஏதாவது புரியலாம். காலையில் இரண்டு வாளி கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து இருபது நிமிடம் குளிப்பேன். நாள் முழுக்க உடம்பு சூடாக இருப்பது அந்த நேரம் மட்டும்தான். வாரம் இரண்டு முறை முல்தானி மட்டி போடுவேன், அது ஊர்ப் பழக்கம். அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி கட்டிக் கிடக்கிறது, அதனால் எண்ணெய் எதுவும் தடவுவதில்லை. இரவில் அறை ஹீட்டர் ஓடும்.

குன்னூர் இயற்பியல் வாத்தியார் | ஜனவரி 11

தங்கச்சி, தண்ணீர்க் கணக்கை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. தூத்துக்குடியில் கடற்காற்று உங்கள் முகத்தைச் சுற்றி எப்போதும் ஓர் ஈரத்துணி போல இருந்தது. இங்கே ஜனவரிக் காற்றில் ஈரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் காற்றை அறைக்குள் விட்டு ஹீட்டரைப் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே 7 கிராம்தான், ஆனால் அந்தச் சூட்டுக்குக் காற்று 19 கிராம் வரை கேட்கும். ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மீதியை எங்கிருந்து எடுக்கும்? துவைத்துப் போட்ட துணியிலிருந்து, உங்கள் உதட்டிலிருந்து, கையிலிருந்து. ஹீட்டரைப் படுக்கும் முன் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடுங்கள். ஈரத் துண்டு ஒன்றை அறைக்குள் கொடியில் போட்டு வையுங்கள், காலையில் அது மொரமொரவென்று காய்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர் அடிப்பதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் தோலில் விழுவது விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

ஊட்டித் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். பார்சன்ஸ் வேலியிலும் மார்லிமந்திலும் தேங்குவது மலையில் பெய்த மழை. உப்பு குறைந்த மென்னீர். சோப்பு நுரை போகவே மாட்டேன் என்கிறதல்லவா, அது அதனால்தான். காய்ச்சிக் குடியுங்கள், போதும்.

கோத்தகிரி நர்ஸம்மா | ஜனவரி 12

மகளே, நீ எழுதியதை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். கிராம சுகாதார செவிலியராக இந்த மலையில் 31 வருஷம் நடந்து ஓய்வு பெற்றவள் நான். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அதோடு நீ போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த 4 லிட்டரை இன்றோடு நிறுத்து. அதிலும் காலையில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைக்கும்தான் சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியும். அதற்கு மேல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப் போகும். உனக்குக் குமட்டுகிறது என்றாயே, வயிறு போதும் என்கிறது, கேட்டுக்கொள்.

இப்போது தோலுக்கு வருகிறேன். நீ குடிக்கிற தண்ணீர் வாயிலிருந்து நேராக முகத்துக்குப் போவதில்லை. குடல் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. மூளையும் சிறுநீரகமும் கணக்குப் பார்த்து, தேவைக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே அனுப்பிவிடுகின்றன. தோலின் அடிப்பாகத்துக்கு ரத்தத்திலிருந்து ஈரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. உனக்கு உரிவது அந்த அடிப்பாகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, காகிதத்தைவிட மெல்லியதாக, செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு படலம் இருக்கிறது, அதுதான் உரிகிறது. அந்தச் செல்களுக்கு நடுவே நம் உடம்பே சுரந்து பூசிய கொழுப்பு இருக்கிறது. என் அப்பா தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் தூளைப் பலகைப் பெட்டியில் அடைப்பார்கள், உள்ளே ஈரம் நுழையாமல் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஒரு மூலையில் தாள் கிழிந்தாலும் பெட்டித் தூள் முழுக்கப் பதம் போய்விடும் என்பார். தோலில் அந்தக் கொழுப்புதான் ஈயத்தாள். ஆனால் இங்கே வேலை தலைகீழ், உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. வியர்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு நாளைக்கு 300, 400 மில்லி தண்ணீர் தோல் வழியாக ஆவியாகப் போகும். தாள் கிழிந்தால் இன்னும் போகும். கிழிந்த பெட்டிக்குள் எவ்வளவு ஊற்றி என்ன?

அதைக் கிழிப்பது உன் வெந்நீர்தான். எண்ணெய் படிந்த வாணலியைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகிறதா? கொதிநீர் ஊற்றினால் ஒரு நொடியில் போய்விடுகிறது. அதையேதான் தினமும் இருபது நிமிடம் உன் முகத்துக்கும் கைக்கும் செய்துகொண்டிருக்கிறாய். மேலே சோப்பு. அப்புறம் முல்தானி மட்டி, அது எண்ணெயை உறிஞ்சுவதற்கென்றே இருக்கிற மண். தூத்துக்குடியில் உன் முகத்தில் உறிஞ்சுவதற்கு எண்ணெய் இருந்தது. இங்கே இருக்கிற கொஞ்சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

தண்ணீருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பந்தத்தை என் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாத மழையில், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடு ஒன்றில், பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போயிருந்தது, அழுதால் கண்ணீர் இல்லை. தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டேன். உடனே படிய வேண்டிய தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், அப்புறம்தான் மெதுவாக இறங்கியது. இரண்டு நொடிக்கு மேல் நின்றால் உடம்பில் நீர் மிக மோசமாக வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிள்ளையைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை கரண்டி கரண்டியாக உப்புச் சர்க்கரைக் கரைசல் ஊட்டிக்கொண்டே போனேன். மறுநாள் சாயங்காலம் கிள்ளிப் பார்த்தபோது தோல் விட்ட மறுகணமே படிந்தது. தண்ணீர் தோலில் தெரிவது அப்படித்தான் தெரியும். அது உயிர்ச் சங்கதி. கன்னத்துப் பளபளப்போடு அதைச் சேர்க்காதே.

ஆராய்ச்சி எதுவும் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, சின்னச் சின்னதாக. 2015-ல் போர்ச்சுகலில் 49 இளம்பெண்களைத் தினமும் 2 லிட்டர் கூடுதலாக ஒரு மாதம் குடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முன்பு குறைவாகக் குடித்தவர்களுக்குத் தோலின் ஈரம் நன்றாகவே கூடியது. ஏற்கெனவே போதுமான அளவு குடித்தவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. குறையை நிரப்பினால் பலன், நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியும். நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு இப்படித்தான் வந்தது என்பார்கள். 1945-ல் அமெரிக்காவில் ஊட்டச்சத்துக் குழு ஒன்று நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியது. அதோடு சேர்த்தே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் எழுதியது. முதல் வரியைப் பிடித்துக்கொண்ட உலகம் இரண்டாம் வரியை விட்டுவிட்டது. ஐரோப்பியக் கணக்கில் பெண்களுக்கு உணவு, பானம் எல்லாம் சேர்த்து 2 லிட்டர். நம் சோறு, ரசம், மோர், கஞ்சி, கீரைக் கடைசல், எல்லாவற்றிலும் தண்ணீர்தானே இருக்கிறது. டீயும் கணக்கில் சேரும். பழகிய உடம்பில் டீ தண்ணீரை வற்ற வைக்காது.

ஆனால் குளிர் ஊரில் தாகத்தை மட்டும் நம்பாதே. குளிரில் தாகம் மங்கிவிடும், சிறுநீர் அதிகம் போகும். அதனால் ஒன்றரை லிட்டரை நாள் முழுக்கப் பிரித்துக் குடி. பிளாஸ்க்கில் வெதுவெதுப்பாக வைத்துக்கொள், சீரகமோ சுக்கோ போட்டால் இறங்கும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். தேன் நிறத்துக்குப் போனால் குறைவு, பச்சைத் தண்ணீர் மாதிரியே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறாய்.

குளியல்: இரண்டு வாளி வேண்டாம், ஒரு வாளி. முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம், இவற்றுக்கு மட்டும். துண்டால் ஒற்று, தேய்க்காதே. ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயோ வாசலினோ தடவிவிடு. உன் அம்மா கொடுத்த எண்ணெய் கெட்டுப் போகவில்லை, 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் கட்டத்தான் செய்யும். குளிக்கப் போகும்போதே பாட்டிலைச் சுடுதண்ணீர்ச் சொம்புக்குள் நிறுத்தி வை, நீ குளித்து முடிப்பதற்குள் உருகியிருக்கும். முகத்தில் பரு வரும் தோல் என்கிறாய், அதனால் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், மருந்துக் கடையில் கிளிசரின் கலந்த சாதாரண கிரீம் போதும். உதட்டை நாக்கால் நனைக்காதே. நனைத்த மறு நிமிடம் முன்னைவிட வறளும். கைக்கு ராத்திரி வாசலின் தடவிப் பழைய பருத்திக் காலுறையை மாட்டிக்கொண்டு படு. இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடவில்லை என்றாலோ, களைப்பு, முடி கொட்டுதல் என்று சேர்ந்து வந்தாலோ தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடு.

இனி அந்த இன்னொரு விஷயம். ஆபீஸில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு பகல் முழுக்கக் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

என் அம்மா இலங்கையில், கண்டிச் சீமையில் பிறந்தவர். அங்கிருந்த தோட்டத் தமிழர்களை இங்கே அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து 26 வருஷம் கொழுந்து பறித்தார். காலை ஆறரைக்கு ஒரு தேத்தண்ணி குடிப்பார், அதோடு மத்தியானம் எடை போட்டு முடியும் வரை ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாமல் இல்லை, பக்கத்திலேயே ஊற்று ஓடும். ஒதுங்க இடம் இல்லை. தேயிலைச் செடி இடுப்பு உயரம், மேலே மேஸ்திரி நிற்பார், கீழே ரோட்டில் லாரி போகும். அட்டை வேறு. அந்த மலையில் இருந்த அத்தனை பெண்களும் தாகத்தை அடக்கிப் பழகியவர்கள். அம்மாவின் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் இப்போதும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடியும். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்து, வெடிப்புக்குள்ளும் அந்தக் கறுப்பு இறங்கி, கழுவினால் போகாது. நீர்க்கடுப்பு வருஷத்துக்கு நாலு தடவை வரும். வெளியே சொல்ல மாட்டார், வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார். ஒரு தடவை குளிர்காய்ச்சலோடு விலாவில் வலி எடுத்து ஏழு நாள் படுத்துவிட்டார். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். நான் நர்ஸ் படிக்கப் போனது அந்த ஏழு நாளால்தான்.

உனக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கிறது மகளே. சாவி ஒருவரிடம் இருக்கிறதென்றால் இன்னொரு சாவி செய்யச் சொல்லிக் கேள். வரிசையில் நிற்கிறவர்களிடம் "ஐந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போ. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் போ.

கொடநாடு ரோடு | ஜனவரி 13

சிஸ்டர், என் வீட்டம்மாவும் தோட்ட வேலைதான். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்திருக்கிறது. ரத்தம் சுத்தமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். குடித்தும் நாலு மாதமாகப் போகவில்லை.

கோத்தகிரி நர்ஸம்மா | ஜனவரி 13

தம்பி, மங்கு தண்ணீரில் போகாது. ரத்த அசுத்தமும் இல்லை. வெயிலும் உடம்பில் சுரக்கும் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை அது. பிள்ளை உண்டாகியிருக்கும்போதும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் கூடும். வாத்தியார் சொன்ன அந்தக் கதிர்தான் முதல் எதிரி. தலைத்துண்டை நெற்றியோடு நிறுத்தாமல் முன்னால் கூரை மாதிரி நீட்டிக் கட்டச் சொல்லுங்கள், அகல விளிம்புத் தொப்பி இன்னும் நல்லது. எஸ்பிஎஃப் 30 என்று போட்ட சன்ஸ்கிரீன் கிடைத்தால் காலையில் ஒரு தரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம். கடையில் விற்கிற பெயர் தெரியாத சிவப்பு டியூபை மட்டும் வாங்கிப் பூச விடாதீர்கள். அதில் பலதிலும் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் வெளுத்துக் காட்டும், அப்புறம் தோலை மெலிய வைத்து மங்கைத் திரும்பவும் கொண்டுவரும். அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டுங்கள். அவருக்கு வேலை இடத்தில் ஒதுங்க வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதுவரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

முத்துநகர் மகள் | பிப்ரவரி 15

அம்மா, சார், இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

உதடு பத்தாம் நாளே ஆறிவிட்டது. கணு வெடிப்பு மூடிவிட்டது, ஆள்காட்டி விரலில் மட்டும் இன்னும் ஒரு கோடு இருக்கிறது, நோட்டு எண்ணுகிற விரல் என்பதால் இருக்கலாம். மூக்கோரம் உரிவது நின்றுவிட்டது. முகம் பளபளக்கவில்லை, பழையபடி என் முகமாக இருக்கிறது, எனக்கு அது போதும். வெந்நீரைக் குறைத்ததுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் குளித்து முடித்ததும் நடுக்கம் எடுத்தது. இப்போது ஸ்வெட்டரைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கம் சூடேற்றி வைத்துக்கொண்டு குளிக்கப் போகிறேன். எண்ணெய் பாட்டில் சொம்புக்குள் உருகும்போது மெழுகுக் கட்டி நடுவில் தனியாக மிதந்து சின்னதாகிக்கொண்டே போகும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த மணத்தில் வீட்டு நினைவு வரும்.

ஹீட்டரும் அரை மணிதான். ஈரத் துண்டு நீங்கள் சொன்ன மாதிரியே காலையில் அப்பளம் மாதிரி கிடந்தது சார்.

சாவி விஷயத்தை மேலாளரிடம் சொல்ல நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். சொன்னதும் அவர், "இதை ஏன் இத்தனை மாதம் சொல்லல?" என்றார். அன்றைக்கே இன்னொரு சாவி வெட்டி வந்து பணம் எண்ணும் மெஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார்கள். ஒரு பிளாஸ்க் சீரகத் தண்ணீர் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது. ராத்திரி எழுந்திருப்பதே இல்லை.

எங்கள் கிளையைக் கூட்டித் துடைக்க வரும் அக்கா மஞ்சூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். சாவி மாட்டிய அன்று, "நான் எடுத்துக்கலாமா பாப்பா?" என்று கேட்டார். கழிப்பறையைக் கழுவுவதே அவர்தான். அதுவரை அவர் ஒதுங்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்விட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது அம்மா. இப்போது என் பிளாஸ்க்கில் அவருக்கும் ஒரு டம்ளர்.

அவருக்குக் குதிகால் வெடிப்பு ரொம்ப ஆழமாக இருக்கிறது. தினமும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார். உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. வயது 50 இருக்கும். என்ன செய்யச் சொல்லலாம்?

கோத்தகிரி நர்ஸம்மா | பிப்ரவரி 15

சிவப்பு தெரிகிறது என்றால் முதலில் சர்க்கரை பார்த்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா, முள் குத்தினால் தெரிகிறதா என்று கேள். தெரியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போகட்டும்.

சர்க்கரை இல்லையென்றால், ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, நன்றாகத் துடைத்து, வெடிப்புக்குள் இறங்கும்படி வாசலின் அப்பி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கட்டும். கல்லாலோ பிளேடாலோ சுரண்டக் கூடாது. வேலை நேரத்தில் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வேண்டும், உள்ளே காய்ந்த காலுறை போட்டு. அதை அவர் காசில் வாங்க விடாதே. சாவி கேட்ட மாதிரியே கேட்டுப் பார். கால் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுபோனால் கடையில் சரியாகக் கொடுப்பார்கள்.